பொதுக் கிட்டங்கிக்கு முதலில் எழுத வேண்டியது



வாடகையும் முன்பணமும் ஏறிப்போன நிலையில், நாலைந்து பேர் கூடி ஒரே கிட்டங்கியை எடுத்துச் சரக்கு வைப்பது நல்ல ஏற்பாடுதான். ஆனால் பூட்டுக்கு எத்தனை சாவி என்று பேசுகிற நாம், உள்ளே யார் சொல்வது நடக்கும் என்று பேசுவதில்லை.

எங்கள் கிட்டங்கியில் ஆறு பேர் இருந்தோம். இடம் அதிகம் எடுத்தவர் சொல்வதே நடக்கும் என்பது எழுதாத வழக்கமாகிவிட்டது. அதிக இடம் என்னுடையது. டீத்தூள் வியாபாரி ஒருவர், மிளகாய் வற்றல் மூட்டைகளைத் தன் பெட்டிகளின் அருகில் அடுக்க வேண்டாம் என்று மூன்று முறை கேட்டார். டீத்தூள் நெடியை இழுத்துக்கொள்ளும் என்பது நமக்குத் தெரியாததா? வற்றல் என்னுடையது, ஆகவே நகரவில்லை. அவர் விற்ற சரக்கு திரும்பி வந்தது. அவர் கணக்கு முடித்துக்கொண்டு போனார். அவர் பங்கு வாடகையை ஐவரும் சுமந்தோம்.

பிறகுதான் விதி எழுத உட்கார்ந்தோம். 1844-இல் இங்கிலாந்தின் ராச்டேல் ஊரில் நெசவாளர்களும் பிற தொழிலாளர்களுமாக 28 பேர் சேர்ந்து, வெண்ணெய், சர்க்கரை, மாவு விற்கும் கூட்டுறவுக் கடை திறந்தார்கள். பங்கு எவ்வளவு இருந்தாலும் ஒருவருக்கு ஒரே வாக்கு; பெண் உறுப்பினருக்கும் அப்படியே. அதையே எடுத்துக்கொண்டோம். வாடகை, மின்கட்டணம், காப்பீடு இடத்தின் அளவுப்படி. தீர்மானத்தில் மட்டும் தலைக்கு ஒரு வாக்கு. இதற்குச் சம்மதிக்க எனக்கு ஒரு வாரம் ஆயிற்று.

கணக்குப் பேரேடு மாதம் ஒருவர் கையில் இருக்கும். தகராறு வந்தால் சம்பந்தப்பட்டவர் தீர்ப்புச் சொல்ல உட்காரக் கூடாது.

பங்கு இல்லாதவர்களை மறந்தே போயிருந்தோம். மூட்டை சுமப்பவர்கள், பருப்பு புடைக்கும் பெண்கள் ஆகியோர்தான் நம்மைவிட அதிக நேரம் அங்கே இருப்பவர்கள். 2021-இல் தமிழ்நாட்டில் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்திப் பணியாளருக்கு இருக்கை கட்டாயமாக்கியதும் பெஞ்சு வாங்கிப் போட்டோம். அதோடு கடமை முடிந்ததென்று இருந்தோம். கூட்டத்துக்கு அவர்களில் இருவரை அழைத்தபோதுதான், கழிப்பறைச் சாவியை ஒவ்வொரு முறையும் கணக்குப்பிள்ளையிடம் கேட்டு வாங்க வேண்டியிருப்பதாக ஒரு பெண் சொன்னார். அத்தனை வருடமும் எங்கள் யாருக்கும் தோன்றாத விஷயம். சாவி இப்போது அவர்கள் வேலை செய்யும் பக்கத்து ஆணியில் தொங்குகிறது. இருவர் மாதக் கூட்டத்துக்கு வருவதும் விதியாயிற்று.

டீத்தூள் வியாபாரியிடம் விதித்தாளைக் காட்டித் திரும்ப அழைத்தேன். பொறுமையாகப் படித்தார். வேறு இடம் பிடித்துவிட்டேன் அண்ணாச்சி என்றார்.