வீட்டிலேயே மார்ஷ்மெல்லோ!

* ஜெலட்டின் 15 கிராமை 100 மி.லி. குளிர்ந்த நீரில் தூவி, 10 நிமிடம் ஊறவிடுங்கள். சூடான நீரில் போட்டால் கட்டி தட்டிவிடும்.

* சர்க்கரை 200 கிராம், தண்ணீர் 100 மி.லி., சில துளி எலுமிச்சைச் சாறு சேர்த்துப் பாகு காய்ச்சுங்கள். எலுமிச்சை, பாகு பூத்துப் போகாமல் காக்கும்.

* பதம் 115 டிகிரி செல்சியஸ். தெர்மாமீட்டர் இல்லையா? அதிரசப் பாகுதான் கணக்கு: ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டால், விரலில் மெத்தென்று உருண்டு வரவேண்டும்.

* ஓரிரு நிமிடம் ஆறிய பாகை ஜெலட்டினில் மெல்ல ஊற்றியபடி, மின் பீட்டரால் 10 நிமிடம் அடியுங்கள். வெள்ளை வெளேரென்று மும்மடங்காகப் பொங்கும். கடைசியில் வெனிலா எசென்ஸ்.

* எண்ணெய் தடவிய தட்டில் உடனே கொட்டிப் பரப்புங்கள், தாமதித்தால் இறுகிவிடும். 6 மணி நேரம் வெளியிலேயே இருக்கட்டும். ஃப்ரிட்ஜ் ஈரம் ஆகாது.

* சோளமாவும் பொடித்த சர்க்கரையும் சம அளவு கலந்து, கத்தியிலும் துண்டுகளிலும் தூவினால் ஒட்டாது.

* ஜெலட்டின் விலங்கின் தோல், எலும்பிலிருந்து எடுக்கப்படுவது. சைவர்களுக்குக் கொடுக்கும் முன் சொல்லிவிடுங்கள்.