முதல் செமஸ்டர் கணக்குப் பரீட்சை: பிள்ளைகளோடு சில நிமிடம்



நமது டிரஸ்டின் கல்வி உதவியில் இன்ஜினியரிங் சேர்ந்த பிள்ளைகள் இப்போது படிப்பு விடுமுறையில் ஊருக்கு வந்திருக்கிறார்கள். அவர்களை எண்ணித்தான் இந்த மாதப் பாடத்தைக் கணக்கிற்கு ஒதுக்கினோம்.

சென்ற ஆண்டு நடந்ததை மனம் கனத்துச் சொல்கிறோம். பிளஸ் டூவில் கணக்கில் நல்ல மார்க் வாங்கிய பிள்ளை. முதல் செமஸ்டர் கணக்கில் அரியர் விழுந்ததை அத்தாவிடம் சொல்லப் பயந்து மறைத்தார். அடுத்த செமஸ்டரிலும் விழுந்தது. கல்லூரிக்குப் போவதையே நிறுத்திவிட்டார். நமக்குத் தெரிய வந்தபோது பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பித்து முடித்திருந்தார்கள். முன்பே விசாரிக்காதது நம்முடைய குறைதான்.

பிளஸ் டூவில் ஒரு வருடம் முழுக்க ஒரே புத்தகத்தைத் திரும்பத் திரும்பப் போட்டீர்கள். இங்கே சில மாதங்களில் ஐந்து யூனிட். அண்ணா பல்கலைக்கழகத் தேர்வு 3 மணி நேரம், 100 மார்க். 2 மார்க் கேள்விகள் 10. பெரிய கேள்விகள் 5.  "இரண்டு யூனிட்டை விட்டுவிடலாம், சாய்ஸ் இருக்கிறதே" என்று சீனியர்கள் சொல்வதை நம்பாதீர்கள். பெரிய கேள்விகளில் 'இது அல்லது அது' என்ற சாய்ஸ் ஒரே யூனிட்டுக்குள்தான் வருகிறது. வழக்கமாக 2 மார்க்கும் யூனிட்டுக்கு இரண்டு. ஆக இரண்டு யூனிட்டை விட்டால் அவற்றின் மார்க் முழுவதும் எழுதாமலே போகும். 

மேட்ரிக்ஸிலிருந்து ஒரு கணக்கு. பேப்பர் எடுத்துக்கொள்ளுங்கள். முதல் வரிசை 4, 1. இரண்டாம் வரிசை 2, 3. ஐகன் மதிப்பு என்ன? மூலைவிட்ட எண்களின் கூட்டல் 4 + 3 = 7. டிடர்மினன்ட் 12 − 2 = 10. எனவே சமன்பாடு: லாம்டா வர்க்கம் − 7 லாம்டா + 10 = 0. விடை 5, 2. சரியா என்று யாரையும் கேட்க வேண்டாம்: இரண்டையும் கூட்டினால் 7, பெருக்கினால் 10 வருகிறது. இந்தச் சோதனைக்கு அரை நிமிடம்கூட ஆகாது. ஆனால் செய்கிறவர் குறைவு.

இனி கெய்லி - ஹாமில்டன் தேற்றம். லாம்டா இருந்த இடத்தில் மேட்ரிக்ஸையே வைக்கலாம் என்கிறது. மேட்ரிக்ஸின் வர்க்கம் 18, 7, 14, 11. அதிலிருந்து ஏழு மடங்கான 28, 7, 14, 21ஐக் கழித்தால் −10, 0, 0, −10. யூனிட் மேட்ரிக்ஸின் 10 மடங்கைக் கூட்ட, எல்லாம் பூஜ்யம். வெறும் 10ஐ எல்லா இடத்திலும் கூட்டிவிடுவதுதான் பிள்ளைகள் அடிக்கடி செய்யும் தவறு. இதே சமன்பாட்டைத் திருப்பிப் போட்டால் இன்வர்ஸும் கிடைத்துவிடும்: 3, −1, −2, 4, எல்லாவற்றையும் 10ஆல் வகுக்க வேண்டும்.

அல்ஜீப்ரா என்ற சொல்லே அல்குவாரிஸ்மியின் நூல் பெயரிலிருந்து வந்தது என்று மேடைகளில் பெருமையாகப் பேசுகிறோம். உண்மைதான். அந்த நூலில் ஒரு பெரிய பகுதி வாரிசுச் சொத்துப் பங்கீட்டுக் கணக்கு. ஆனால் பெருமை பேசினால் 2 மார்க் கிடைக்காது. அவரைப் போல உட்கார்ந்து போட வேண்டும்.

ஹிஃப்ளு மதரஸாவில் புது சபக் கொடுப்பதற்கு முன் உஸ்தாத் பழைய பாடத்தைக் கேட்பார். நாமும் அப்படி அடி வாங்கி வளர்ந்தவர்கள்தான் (அடி வேண்டாம், முறை மட்டும் போதும்). காலையில் புதுக் கணக்கு என்றால், மாலையில் போன வாரக் கணக்கை நோட்டை மூடிவைத்துவிட்டு எழுதிப் பாருங்கள். விடை நோட்டைப் பார்த்துத் தலையாட்டுவது படிப்பாகாது. கடைசி ஐந்து வருடக் கேள்வித்தாளில் ஒன்றையாவது கடிகாரத்தை வைத்து மூன்று மணி நேரம் எழுதிவிட வேண்டும். தெரிந்தவரை ஸ்டெப் எழுதுங்கள். ஸ்டெப்புக்கும் மார்க் உண்டு.

பெற்றோர்களே, இந்த இரண்டு வாரம் கல்யாண வேலைக்கும் கடைக்கும் பிள்ளையை அனுப்பாதீர்கள். "அரியர் இருக்கா?" என்று கோபமில்லாமல் ஒருமுறை கேளுங்கள்.

பரீட்சை முடியும் வரை தினமும் இஷாவுக்குப் பின் நமது அலுவலகத்தில் கணக்கு தெரிந்த அண்ணன்மார் இருப்பார்கள், இன்ஷா அல்லாஹ். மாணவிகளுக்கு அசருக்குப் பின் தனியாக ஏற்பாடு. பழைய கேள்வித்தாளும், புரியாத கணக்கும் கொண்டு வாருங்கள். அரியர் உள்ளவர்கள் முதல் நாளே வந்துவிடுங்கள். பெயர் யாருக்கும் சொல்லப்படாது.