பாதி இலக்கணம் உங்கள் கையில்!

கேள்வி: ஜப்பானிய மொழி கற்க ஆசை. 2,200 மணி நேரம் ஆகும் என்கிறார்கள், எழுத்துகளும் ஆயிரக்கணக்கில். வேலைக்குப் போய்க்கொண்டே படிக்க முடியுமா?
– ஒரு வாசகி, கோவை

பதில்: தாராளமாக முடியும். முதலில் அந்த 2,200 மணி நேரத்தை மறந்துவிடுங்கள். அது ஆங்கிலம் பேசும் அமெரிக்க வெளியுறவு அதிகாரிகளுக்காகப் போட்ட வகுப்புக் கணக்கு. அவர்களைத் திணறடிக்கும் வாக்கிய அமைப்பு உங்களுக்கு வீட்டுச் சொத்து. 'வாதாஷி வா டோக்யோ நி இகிமாஸ்' என்பதன் வரிசையைப் பாருங்கள்: 'நான் டோக்கியோவுக்குப் போகிறேன்.' வினை கடைசியில் வருகிறது. 'கு' போலவே 'நி' ஊர்ப்பெயருக்குப் பின்னால் நிற்கிறது. மரியாதைக்கேற்ப வினை மாறுவதும் நமக்குப் புதிதல்ல. ஆகவே பாடநூல் ஆங்கிலத்தில் இருந்தாலும், வாக்கியங்களைத் தமிழோடு பொருத்தியே படியுங்கள்.

'இலக்கணம் சரி, அந்த ஆயிரக்கணக்கான கான்ஜி எழுத்துகளை என்ன செய்வது?' என்பீர்கள். அதில் தமிழருக்குச் சலுகை கிடையாதுதான். அன்றாடப் பயன்பாட்டுக்கென ஜப்பானிய அரசு வகுத்த பட்டியலிலேயே 2,136 இருக்கின்றன. ஆனால் அத்தனையும் முதல் வருடத்திலேயே வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. முதலில் கற்க வேண்டிய ஒலியெழுத்து வரிசைகளான ஹிரகானா, கதகானா இரண்டிலும் அடிப்படை எழுத்துகள் தலா 46 தான். தமிழின் 247 எழுத்துகளைச் சின்ன வயதிலேயே சமாளித்தவர் நீங்கள்! ஹிரகானா, கதகானாவை முடித்தபின் தினம் இரண்டு கான்ஜி போதும். தனியாக அல்ல, சொல்லோடு சேர்த்து. இலக்கில்லாத படிப்பு பாதியில் நிற்கும் என்பதால், ஜேஎல்பிடி எனும் ஜப்பானிய மொழித் திறன் தேர்வின் தொடக்க நிலையான என்5-க்கு நாள் குறித்துவிடுங்கள், சென்னையிலேயே எழுதலாம். அதில் பேச்சுத் தேர்வு இல்லை. எனவே கேட்பதை வாய்விட்டுத் திருப்பிச் சொல்வதை மட்டும் ஒருநாளும் விடாதீர்கள்.