கைகாட்டியும் செல்லும்

ரயில்வே சிக்னல் பிரிவில் முப்பத்தைந்து ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். டிப்ளமோ படித்தவன்தான், டாக்டரல்ல. ஆயினும் செல்களைப் பற்றிப் படிக்க வேண்டிய நிலை எனக்கு ஏற்பட்டது.

ஒன்றரை வயதுப் பேத்தியை ஃபிளாஷ் போட்டு எடுத்த போட்டோவில் ஒரு கண்ணின் பாப்பா மட்டும் வெள்ளையாகத் தெரிந்தது. பரிசோதித்த டாக்டர் 'ரெட்டினோபிளாஸ்டோமா' என்றார். விழித்திரையில் வரும் புற்றுநோய். "மாமா, கர்ப்ப காலத்தில் நான் ஏதாவது தவறாகச் சாப்பிட்டுவிட்டேனா?" என்று மருமகள் அழுதாள். எனக்குப் பதில் தெரியவில்லை. அதனால் படித்தேன்.

ஒரு செல் இரண்டாகப் பிரிய, வெளியிலிருந்து 'வளர்' என்ற உத்தரவு வரவேண்டும். அதுவரை வழியை மறித்து நிற்பது ஆர்.பி. என்னும் தடுப்புப் புரதம். பிரிவதற்கான மரபணுக்களை முடுக்கிவிடும் ஈ2எஃப் என்ற புரதத்தை அது பிடித்து வைத்திருக்கிறது. உத்தரவு வந்ததும் சைக்ளின்-டி என்ற புரதம், சி.டி.கே. என்ற நொதிகளுடன் சேர்ந்து, ஆர்.பி. மீது பாஸ்பேட்டை ஏற்றுகிறது. பிடி தளர்கிறது, ஈ2எஃப் விடுபடுகிறது, செல் தன் டி.என்.ஏ.வை நகலெடுக்கத் தொடங்குகிறது. அந்த நொதிகளையே அடக்கிவைக்க பி16 என்று இன்னொரு தடுப்புப் புரதமும் உண்டு.

நம் பழைய கைகாட்டியின் இயல்பு நிலை 'நில்'. கம்பி அறுந்தாலும், எடையின் பாரம் கையை 'நில்' நிலைக்கே கொண்டுவந்துவிடும். செல்லில் அப்படியில்லை. ஆர்.பி. பழுதானால் வழி திறந்தே கிடக்கும். இதற்கு ஈடாக இயற்கை வேறோர் ஏற்பாடு செய்திருக்கிறது. ஆர்.பி.க்கான மரபணு, 13ஆம் குரோமோசோம் ஜோடியில் தாய்வழி ஒன்றும் தந்தைவழி ஒன்றுமாக இரண்டு பிரதிகள் இருக்கிறது. ஒன்று கெட்டாலும் மற்றது காக்கும். ஒரே செல்லில் இரண்டும் கெடும்போதுதான் பெரும்பாலும் இந்நோய் தொடங்குகிறது. அமெரிக்க டாக்டர் ஆல்ஃபிரட் நட்ஸன் 1971இல் நோயாளிகளின் விவரங்களைக் கணக்கிட்டே இந்த இரண்டு அடிகளை ஊகித்தார். மரபணு கைக்குக் கிடைத்தது 1986இல்தான்.

சில குழந்தைகள் ஒரு பிரதி பழுதாகவே பிறக்கின்றன. அவர்களுக்கு இரு கண்களிலும் நோய் வரக்கூடும். எங்கள் பேத்தியின் ரத்தத்தில் பழுது காணப்படவில்லை. கட்டியில் மட்டும் இரு பிரதிகளும் கெட்டிருந்தன. ஒரேயொரு செல்லில் தற்செயலாக நேர்ந்த விபத்து. "நீ சாப்பிட்டதால் வந்ததல்ல அம்மா. பிறவியிலேயே வந்திருந்தாலும் அது யார் குற்றமும் அல்ல" என்று மருமகளிடம் சொன்னேன். அன்றுதான் அவள் ஒழுங்காகச் சாப்பிட்டாள்.

ஒரு கண்ணை எடுக்க வேண்டியதாயிற்று. பேத்தி இன்று பள்ளிக்குப் போகிறாள்.

அன்பர்களே, குழந்தையின் கண் போட்டோவில் வெள்ளையாகத் தெரிந்தாலோ, மாறுகண் தோன்றினாலோ, 'வளர்ந்தால் சரியாகிவிடும்' என்று இருந்துவிடாதீர்கள். எல்லாமே புற்றுநோயாக இராது. ஆனாலும் அந்த வாரமே கண் டாக்டரிடம் காட்டிவிடுங்கள். சீக்கிரம் கண்டால் உயிரைக் காக்கலாம். பல குழந்தைகளுக்குக் கண்ணையும் காக்கலாம்.