பதுளைச் சந்தைக்குப் போகிறீர்களா? விலைக்கு முன் ஊரைக் கேளுங்கள்!

1924இல் ரயில் பாதை பதுளை வரை வந்து சேர்ந்தது. அன்று முதல் இங்கிருந்து கொழும்புக்கு ரயில் ஏறுகிறவர் கையில் தேயிலைப் பொட்டலமோ கிழங்குப் பையோ இல்லாமல் போவது அபூர்வம். இப்போது சிக்கல் வேறு. எங்கிருந்தோ வந்த சரக்கும் இங்கே “நம்ம ஊர்ச் சாமான்” என்ற பெயரில் விலை போகிறது. “என்ன விலை?” என்று கேட்பதற்கு முன் “எந்த ஊர், எந்த மாதம்?” என்று கேட்கப் பழகினால் பாதி ஏமாற்றம் குறையும். மீதிப் பாதிக்கு இந்தக் குறிப்புகள்.

1. தேயிலைக்கு மாதம் முக்கியம். ஜூலை முதல் செப்டெம்பர் வரை கச்சான் காற்று வறட்டிக்கொண்டு வீசும்போது கொழுந்து குறையும், வாசம் ஏறும். புதினாவைப் போலத் தொண்டையில் குளிர்ச்சியாக இறங்கும் அந்த வாசம்தான் ஊவாத் தேயிலைக்கு உலகச் சந்தையில் பெயர் வாங்கித் தந்தது. பேக்டரி விற்பனைக் கூடத்தில் இந்தப் பருவத்துத் தூளா என்று கேட்டு வாங்குங்கள். பால் தேத்தண்ணிக்கு டஸ்ட் அல்லது பி.ஓ.பி.எஃப்.; வெறும் தேத்தண்ணிக்கு பி.ஓ.பி.; சாயம் மெல்லியதாக வேண்டுமென்றால் நீள இலையான ஓ.பி. பொட்டலத்தில் இலங்கைத் தேயிலைச் சபையின் சிங்க இலச்சினை இருந்தால், உள்ளே இருப்பது முழுக்க இலங்கைத் தேயிலை, இலங்கையிலேயே பொதி செய்தது என்று பொருள்.

2. உதிரியாக வாங்கும் தூளில் ஒரு சிட்டிகையைப் பச்சைத் தண்ணீரில் போடுங்கள். நல்ல தூள் மெதுவாகத்தான் நிறம் விடும். போட்ட மாத்திரத்தில் செந்நிறம் ஓடினால் சாயம் கலந்திருக்கலாம். வீட்டுக்கு வந்ததும் மூடி இறுகிய டின்னில் போடுங்கள். மசாலா, சவர்க்காரம், கருவாடு இருக்கிற அலுமாரியில் மட்டும் வைக்காதீர்கள். தேயிலை எந்த வாசத்தையும் இழுத்துக்கொள்ளும்.

3. வெலிமடைக் கிழங்கு என்றால் செம்மண் ஒட்டியிருக்கும் என்பது ஊரறிந்த அடையாளம். அதைத் தெரிந்துகொண்டுதான் இறக்குமதிக் கிழங்கிலும் சிவப்பு மண்ணைப் பூசி விற்கிறார்கள். ஒன்றைக் கையிலெடுத்து ஈர விரலால் தேயுங்கள். தோட்டத்து மண் கண்களின் குழிக்குள் காய்ந்து அடைத்திருக்கும். பூசிய மண் எல்லாப் பக்கமும் ஒரே சீராக இருக்கும், தேய்த்ததும் மொத்தமாகக் கழன்றுவிடும். புதிதாகத் தோண்டிய கிழங்கின் தோல் பெருவிரலால் நெருடினாலே உரியும். பச்சை படர்ந்த கிழங்கு எந்த ஊருடையது என்றாலும் வேண்டாம். வீட்டில் வெங்காயத்தோடு சேர்த்து வைக்காதீர்கள்.

4. கெப்பெட்டிப்பொல பொருளாதார மத்திய நிலையத்திலோ பண்டாரவளைச் சந்தையிலோ கரட், லீக்ஸ், போஞ்சி வாங்கும்போது பளபளப்பைப் பார்த்து மயங்காதீர்கள். கழுவிய கரட் சீக்கிரம் அழுகும். மண்ணோடு இருப்பதே நாலு நாள் தாங்கும். கரட்டின் இலையை அங்கேயே வெட்டிவிடுங்கள், இல்லையென்றால் கிழங்கின் ஈரத்தை இலை குடித்துவிடும். போஞ்சியை ஒடித்தால் சத்தம் கேட்க வேண்டும்.

5. பழத்தில் எது வீட்டில் பழுக்கும், எது பழுக்காது என்று தெரிந்து வாங்குங்கள். பட்டர் புருட்டும் பெயார்ஸும் பறித்த பிறகுதான் பழுக்கும். தூரப் பயணம் என்றால் கல்லுப் போன்றதை வாங்கிக் கடதாசியில் சுற்றி வையுங்கள். ஸ்ட்ரோபெரி பறித்த பிறகு பழுக்காது. காம்படி வெள்ளையாக இருந்தால் கடைசி வரை புளிப்புத்தான். பிபிலைத் தோடம்பழத்துக்குத் தோல் பச்சையாக இருப்பது குறையல்ல. அங்கே இரவு அவ்வளவு குளிராது, அதனால் பழுத்தும் மஞ்சள் ஏறாது. கையில் தூக்கிப் பாருங்கள், கனமானதில்தான் சாறு.

6. பசறைப் பக்கம் வீட்டுத் தோட்டங்களில் மிளகும் கோப்பியும் உண்டு. மிளகைத் தண்ணீரில் போட்டால் முற்றிய மணி அமிழும். பொக்கும் பப்பாசி விதையும் மிதக்கும். கோப்பித் தூளைக் குளிர்ந்த தண்ணீரின் மேல் தூவினால் நல்ல தூள் கொஞ்ச நேரம் மிதக்கும். சிக்கரி கலந்திருந்தால் அது உடனே நிறக்கோடு இழுத்துக்கொண்டு அடிக்குப் போகும். முடிந்தால் கொட்டையாக வாங்கி வீட்டில் வறுங்கள்.

7. மஹியங்கனை, தம்பானைப் பக்கம் தெருவோரத்தில் போத்தலில் தேன் விற்பார்கள். தண்ணீரில் விட்டுப் பார்ப்பது, தீக்குச்சியில் தொட்டுக் கொளுத்துவது எல்லாம் உறுதியான சோதனை அல்ல. கெட்டிச் சீனிப்பாகும் இவற்றில் தேறிவிடும். தேன் அடியில் உறைந்து மணல் மணலாக இருந்தாலும் கலப்படம் என்று முடிவு கட்டாதீர்கள், சுத்தமான தேனும் உறையும். தெரிந்தவர் மூலம் வாங்குவதே வழி. ஒரு வயது நிரம்பாத பிள்ளைக்குத் தேன் கொடுக்கவே கூடாது. கித்துள் பாணியிலும் கலப்படத்தைக் கவனியுங்கள்: மரமேறி, பதநீர் இறக்கி, விறகு எரித்துக் காய்ச்சிய பாணி சீனியின் விலைக்குக் கிடைக்காது.

8. கடல் ஊவாவுக்கு எட்ட இருந்தாலும் மொனராகலை வழியாகப் பொத்துவில் கருவாடும் நெத்தலியும் மலைக்கு வருகின்றன. லயத்துச் சமையலுக்கு அதில்லாமல் ஆகாது. மேலே உப்புப் பொரிந்து வெள்ளையாக நின்றால் உப்புக்கும் சேர்த்துத்தான் காசு கொடுக்கிறீர்கள். இளஞ்சிவப்புப் புள்ளி, பிசுபிசுப்பு, புளித்த வாடை இருந்தால் தொடாதீர்கள். வாங்கியதை ஒரு வெயில் காயவைத்து டின்னில் அடையுங்கள். பதுளைப் பனியில் பொலித்தீன் பைக்குள் கிடந்தால் பூஞ்சணம் பிடிக்கும்.

9. பழைய பித்தளை வாங்கப் போனால் சட்டைப்பையில் சிறு காந்தம் இருக்கட்டும். ஒட்டினால் அது இரும்பின் மேல் முலாம். குத்துவிளக்கைத் தட்டு, தண்டு, உச்சி என்று கழற்றிப் பாருங்கள். மரை சரியாகப் பொருந்தாமல், ஒவ்வொரு பாகமும் ஒவ்வொரு நிறமாக இருந்தால் வேறு வேறு விளக்கிலிருந்து சேர்த்தது. விலை தெரியும் வரை புளி போட்டுத் துலக்காதீர்கள். பழமையின் சாட்சி அந்தக் கறுப்பில்தான் இருக்கிறது. பழைய பித்தளைச் சட்டியில் சமைப்பதானால் முதலில் ஈயம் பூசுங்கள்.

10. பங்களாச் சாமான் என்று சொல்லி விற்கும் மேசை, அலுமாரியின் முன்பக்கத்தைப் பார்க்காதீர்கள். லாச்சியை உருவி அடிப்பலகையைத் தடவுங்கள். பழைய பலகையில் கை இழைப்புளியின் மேடு பள்ளம் விரலுக்குத் தெரியும். வெளியே பலாவோ தேக்கோ இருக்க, அடியில் ஒட்டுப்பலகை இருந்தால் விலையைப் பாதியாகப் பேசுங்கள். பூச்சித் துளை இருந்தால் கீழே கடதாசி விரித்து ஓரிரவு வைக்கச் சொல்லுங்கள். காலையில் மாவு கொட்டியிருந்தால் பூச்சி உயிரோடு இருக்கிறது.

11. வீட்டிலிருப்பதை விற்கவும் யோசியுங்கள். பழைய பித்தளைக்குப் புது பேசின் தருகிறோம் என்று வருகிறவர்கள் எல்லாவற்றையும் நிறையில்தான் பார்ப்பார்கள். 1901 முதல் இந்தியாவிலிருந்து தோட்டங்களுக்கு வந்தவர்களுக்குத் தோட்டத்தின் எண் பொறித்த சிறு தகரத் துண்டு கொடுக்கப்பட்டது. தாத்தாவின் பெட்டிக்கடியில் அப்படி ஒன்று கிடந்தால் தராசுக்குப் போக விடாதீர்கள். குடும்பம் எந்தத் தோட்டத்துக்கு வந்தது என்று சொல்லும் ஒரே பத்திரம் அதுவாக இருக்கக்கூடும். பழைய செக்றோல் தாள், பிறப்புத் துண்டு, கூட்டுப்படம் எதுவானாலும் முதலில் போட்டோ எடுத்து வையுங்கள்.

12. சென்னையிலிருந்தோ லண்டனிலிருந்தோ வந்த சொந்தக்காரருக்குப் பழம்பொருள் வாங்கிக் கொடுப்பதானால் சட்டத்தையும் சொல்லிக் கொடுங்கள். 1940ஆம் ஆண்டின் தொல்பொருள் கட்டளைச் சட்டப்படி, அனுமதிப்பத்திரம் இல்லாமல் தொல்பொருளை நாட்டுக்கு வெளியே கொண்டுபோக முடியாது. “50 வருசத்துக்கு மேலே பழசு” என்று கடைக்காரர் பெருமையடித்தால், காசு கொடுப்பதற்கு முன்பே தொல்பொருள் திணைக்களத்தில் கேட்டுவிடுங்கள். ஆமை ஓடு, யானைத் தந்தம் எந்த விலைக்கும் வேண்டாம். ஓக்கம்பிட்டியக் கல் என்று தெருவில் நீட்டினால், தேசிய இரத்தினக்கல் மற்றும் ஆபரண அதிகார சபையில் சோதித்த பிறகே காசு என்று சொல்லுங்கள்.

13. தராசில் அந்த ஆண்டுக்குரிய அளவைத் திணைக்கள முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். சாமான் வைக்கும் முன் முள்ளோ எண்ணோ பூச்சியத்தில் நிற்க வேண்டும். பற்றுச்சீட்டுக் கேட்டால் கொடுக்க வேண்டியது வியாபாரியின் கடமை. மறுத்தால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 இலக்கத்துக்கு அழைக்கலாம். விலையோடு ஊரையும் எழுதச் சொல்லுங்கள்: “பி.ஓ.பி., ஊவா”, “உருளைக்கிழங்கு, வெலிமடை” என்று. வாயால் சொன்ன ஊரைக் கையால் எழுதத் தயங்குகிறவருக்கு ஊவா விலை கொடுக்க வேண்டியதில்லை.