தாத்தாவின் கேரம் பலகை

பாடம் 6 - உரைநடை

நுழையும்முன்

வீட்டில் விளையாடும் பலகையை ஒளிரவும் ஒலிக்கவும் செய்வது இன்று பள்ளி மாணவர்களுக்கும் இயலும் செயலே. சில உணரிகளும் விளக்குகளும் ஒரு நிரலும் இருந்தால் போதும். ஆனால், கருவியைச் செய்யத் தொடங்கும்முன் கேட்கவேண்டிய கேள்வி ஒன்று உண்டு. அக்கேள்வியைச் சற்றுத் தாமதமாகக் கேட்ட இருவரின் கதையைப் படிப்போம்.

சாய்ந்து நின்ற பலகை

புது தில்லியில், ஆர்.கே.புரம் அரசுக் குடியிருப்பின் இரண்டாம் தளத்தில் அவ்வீடு இருந்தது. சென்னை வண்ணாரப்பேட்டையிலிருந்து தாத்தா அங்கு வந்து ஈராண்டுகள் ஆகியிருந்தன. வரும்போது அவர் தம்முடன் கொண்டுவந்தவை ஒரு துணிப்பெட்டியும் ஒரு கேரம் பலகையும் மட்டுமே. நாள்தோறும் காலையில் மலை மந்திருக்குச் சென்று முருகனை வணங்குவார். மாலையில் பலகையை மேசைமேல் வைத்து, பவுடர் தூவி, காய்களை அடுக்குவார். அவருக்கு இந்தி வாராது. ஆயினும், கீழ்வீட்டுப் பஞ்சாபிச் சிறுவனும் எதிர்வீட்டு வங்காளப் பெரியவரும் அவருடன் ஆட வருவார்கள். சுண்டாட்டத்தில் பேச்சுக்குத் தேவை குறைவு. ஒரு காயை அவர் ஒட்டிப்போட்டால், 'வாஹ்!' என்று ஒரு குரல் எழும். அந்தப் பாராட்டு அவருக்கு நன்றாகவே விளங்கியது.

அவ்வாண்டு மழைக்காலம் முடிந்தபோது தாத்தாவின் ஆட்டம் தளர்ந்தது. கண் அழுத்த நோயால் பார்வையின் ஒரு பகுதி குறைந்துவிட்டதாக மருத்துவர் கூறினார். இழந்த பார்வை திரும்பாது. சொட்டு மருந்தைத் தவறாமல் இட்டுவந்தால் எஞ்சியதைக் காக்கலாம் என்றும் அறிவுறுத்தினார்.

ஒரு மாலையில் தாத்தா நெடுநேரம் குறிபார்த்து அடித்தார். அவர் குறிவைத்த இடத்தில் காய் இல்லை. அது முன்பே குழியில் விழுந்திருந்தது. ஸ்ட்ரைக்கர் வெற்றிடத்தைக் கடந்து மூலைக்குழியில் விழுந்தது. "அங்கே காயே இல்லையே, தாத்தா!" என்று சொல்லித் தம்பி உரக்கச் சிரித்தான். தாத்தாவும் சிரித்தார். மறுநாள் பலகை சுவரோரம் சாய்ந்து நின்றது. ஒரு வாரம் கழிந்தும் அது அங்கேயே நின்றது. கீழ்வீட்டுச் சிறுவன் இருமுறை வந்து பார்த்துவிட்டுத் திரும்பிச் சென்றான்.

திருவிழாப் பலகை

தம்பிக்குத் தன் சிரிப்பு நினைவில் உறுத்தியது. ஏழாம் வகுப்பில் படித்த அவனும், ஒன்பதாம் வகுப்பில் படித்த அக்காவும் பள்ளியின் அடல் டிங்கரிங் ஆய்வகத்தில் ஆர்டுயினோவை இயக்கக் கற்றிருந்தனர். ஆர்டுயினோ என்பது உள்ளங்கையில் அடங்கும் மின்னணுப் பலகை. உணரிகள் அனுப்பும் குறிப்புகளைப் பெற்று, நாம் எழுதிய நிரலின்படி விளக்கையும் ஒலிப்பானையும் அது இயக்கும். இத்தாலி நாட்டின் இவ்ரேயா நகரில் 2005ஆம் ஆண்டில் மாணவர்களுக்காக உருவானது அது.

இருவரும் தந்தையுடன் பழைய தில்லியின் லஜ்பத் ராய் சந்தைக்குச் சென்று தேவையான பொருள்களை வாங்கினர். இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் உழைத்தனர். பலகையின் நான்கு சட்டங்களின்மேலும் பலநிற எல்.இ.டி. பட்டைகள் ஒளிர்ந்தன. எந்தக் குழியில் காய் விழுந்தாலும் விளக்குகள் நிறம் மாறி மின்னின. விளையாட்டரங்கம் ஆர்ப்பரிப்பதுபோல் கைதட்டல் ஒலித்தது. வீட்டுக்கு வந்தவர் அனைவரும் வியந்தனர்.

தாத்தா அழைப்பை ஏற்று வந்து அமர்ந்தார். மூன்று முறை அடித்தார். பிறகு கண்களைக் கையால் மறைத்துக்கொண்டு, "நன்றாகச் செய்திருக்கிறீர்கள். நீங்கள் இருவரும் ஆடுங்கள், கண்ணு" என்று கூறி எழுந்து சென்றார்.

கேட்கப்படாத கேள்வி

அன்றிரவு அக்கா தாத்தாவின் அருகில் அமர்ந்தாள். "தாத்தா, ஆடும்போது உங்களுக்கு எது தெரியவில்லை?" என்று கேட்டாள். கருவி செய்வதற்குமுன் கேட்டிருக்கவேண்டிய கேள்வி அது.

தாத்தா பொறுமையாக விடையளித்தார். "கறுப்புக் காய் தெரிகிறது, அம்மா. வெள்ளைக் காயும் பலகையும் ஏறக்குறைய ஒரே நிறம். அதனால் காய் மரத்தோடு கலந்துவிடுகிறது. காய் குழிக்குள் போனதா, ஓரத்திலேயே நின்றதா என்பதும் தெரிவதில்லை. அடித்த பிறகு ஒவ்வொரு முறையும் 'விழுந்ததா?' என்று பிறரைக் கேட்டுக்கொண்டு ஆடினால் அது ஆட்டமாகுமா?"

தம்பி தயங்கியபடி, "விளக்குப் போதவில்லையா, தாத்தா?" என்றான்.

"விளக்கு மிகுதியாகிவிட்டது, தம்பி. எங்கள் மன்றத்தில் பலகைக்கு மேலே மூடியிட்ட ஒரே விளக்கு தொங்கும். வெளிச்சம் பலகையில் விழும். ஆடுபவர் கண்ணில் படாது."

"விழுந்த காய் கறுப்பா வெள்ளையா என்றும் கருவியே சொல்லும்படி செய்யட்டுமா? புள்ளிகளையும் அதுவே கூட்டிவிடும்."

"வேண்டாம். எந்தக் குழி என்று தெரிந்தால், எந்தக் காய் என்று எனக்கே தெரியும். கணக்கு என் தலையில் இருக்கிறது. சட்டத்தின் உட்புறத்தில் மட்டும் எதையும் ஒட்டிவிடாதீர்கள். காய் மோதித் திரும்பும் இடம் அது."

அக்கா தன் குறிப்பேட்டில் மூன்று வரிகளை எழுதினாள்: வெள்ளைக் காய் தெரியவேண்டும். எந்தக் குழியில் விழுந்தது என்பது கேட்கவேண்டும். வேறொன்றும் வேண்டா.

ஒளி

பலநிறப் பட்டைகள் கழற்றப்பட்டன. ஒரு வெள்ளைப் பட்டையை மட்டும் வைத்து இருவரும் சோதித்தனர். விளக்கு நான்கு பக்கமும் இருந்தபோது, ஒரு பக்கத்து ஒளி மறுபக்கத்து நிழலை அழித்தது. விளக்கை ஒரே பக்கத்தில் தாழ்வாக வைத்தபோது, ஒவ்வொரு காயின் மறுபுறத்திலும் கருநிழல் நீண்டது. மரநிறக் காயை அந்நிழல் மரத்திலிருந்து பிரித்துக் காட்டியது. எனவே, தாத்தாவின் இடப்புறச் சட்டத்தின்மேல் மட்டும் பட்டை பொருத்தப்பட்டது. அதன் ஒளி கண்ணில் படாதவாறு கறுப்பு அட்டையால் ஒரு கூரை அமைந்தது. 5 வோல்ட் மின்சாரமே போதுமானதாக இருந்ததால், கைப்பேசி மின்னேற்றியே அதற்கு உதவியது.

ஒலி

கேரம் குழியின் விட்டம் 4.45 செ.மீ. ஒவ்வொரு குழிக்கு அடியிலும் பி.வி.சி. குழாயின் சிறு துண்டு ஒன்றைத் தந்தை அறுத்துப் பொருத்தினார். அதன் ஒரு பக்கத்தில் அகச்சிவப்பு ஒளி உமிழும் டையோடும், எதிர்ப்பக்கத்தில் அவ்வொளியை உணரும் உணரியும் இருந்தன. கண்ணுக்குப் புலனாகாத அக்கற்றையை விழும் காய் ஒரு கணம் மறைக்கும். அவ்வாறு மறைவதே 'காய் விழுந்தது' என்பதற்கான குறிப்பு.

சோதனையில் சில காய்கள் ஒலி எழாமலே விழுந்தன. காய் நிமிர்ந்து குழாயின் சுவரோரமாக வழுக்கினால், நடுவிலுள்ள கற்றையைத் தொடாமலே சென்றுவிடுவதை அக்கா கண்டறிந்தாள். எனவே, ஒவ்வொரு குழிக்கும் குறுக்காக ஒன்றும் நெடுக்காக ஒன்றும் என இரு கற்றைகள் அமைந்தன. பிற்பகலில் வேறொரு குறை தோன்றியது. பலகணியை ஒட்டிய குழி மட்டும் ஒலிக்கவில்லை. வெயிலிலும் அகச்சிவப்பு ஒளி உண்டு. காய் கற்றையை மறைத்தபோதும், உணரிக்கு வெயிலின் ஒளி கிடைத்துக்கொண்டே இருந்தது. கறுப்புத் தாளைச் சுருட்டி உணரிக்கு உறையாக இட்டபின் அக்குறை நீங்கியது.

மூன்றாவது குறை நிரலில் இருந்தது. ஓர் ஒலி எழுந்தபின் அரை நொடி காத்திருக்குமாறு தம்பி நிரல் எழுதியிருந்தான். விழும் காய் கற்றையைக் கடக்க, நொடியின் நூறில் ஓரிரு பங்கே ஆகும். ஒரே அடியில் இரு காய்கள் இரு குழிகளில் விழுந்தபோது, கருவி முதற்காய்க்கு ஒலித்துக் காத்திருந்தது. அதற்குள் இரண்டாம் காய் விழுந்து முடிந்தது. நிரல் காத்திருக்கும் வேளையில் கருவி எதையும் கவனிப்பதில்லை என்பதை அவன் உணர்ந்தான். காத்திருக்கும் கட்டளையை நீக்கினான். எல்லாக் குழிகளையும் இடைவிடாது கவனித்து, ஒலிகளை வரிசைப்படுத்தி ஒன்றன்பின் ஒன்றாக எழுப்புமாறு நிரலைத் திருத்தினான்.

நான்கு குழிகளுக்கும் நான்கு சுரங்கள் வழங்கப்பட்டன. தாத்தாவுக்கு அருகிலுள்ள இடக்குழிக்கு 'ச', எதிரிலுள்ள இடக்குழிக்கு 'க', எதிரிலுள்ள வலக்குழிக்கு 'ப', அருகிலுள்ள வலக்குழிக்கு 'மேல் ச'. அவற்றின் அதிர்வெண்கள் முறையே 262, 330, 392, 523 ஹெர்ட்ஸ். கைதட்டல் நீக்கப்பட்டது.

மீண்டும் ஆட்டம்

சனிக்கிழமை மாலை. பலகை மீண்டும் மேசைக்கு வந்தது. தாத்தா பவுடரைத் தூவினார். நடுவில் ராணியை வைத்தார். காய்களைச் சுற்றி அடுக்கினார். விளக்கு எரிந்ததும் அவர் சற்றுக் குனிந்து, காய்களின் நிழல்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் அடித்தார். 'க' ஒலித்தது. அவர் முகம் எதிரிலுள்ள இடக்குழியை நோக்கித் திரும்பியது. யாரையும் அவர் எதுவும் கேட்கவில்லை.

ஆட்டம் நீண்டது. தாத்தா மீண்டும் 'க' குழியைக் குறிவைத்து அடித்தார். காய் ஓரத்தில் நின்றுவிட, ஸ்ட்ரைக்கர் விலகிச் சென்று எதிர் வலக்குழியில் விழுந்தது. 'ப' ஒலித்தது. தம்பி இம்முறை சிரிக்கவில்லை. தாத்தா கவனிக்காதிருந்தால் நல்லது என எண்ணி அமைதியாக இருந்தான்.

தாத்தா தாம் வென்ற காய்களுள் ஒன்றை எடுத்து அவனிடம் நீட்டினார். "நான் அடித்தது 'க' குழிக்கு, ஒலித்தது 'ப'. அப்படியானால் விழுந்தது ஸ்ட்ரைக்கர்தானே? இந்தா, தண்டம். நடுவில் வை" என்றார். அவர் குரலில் பழைய மன்றத்து மிடுக்கு இருந்தது.

தம்பி காயை நடுவில் வைத்தான். அதன் நிழல் மரத்தின்மேல் நீண்டது. அப்போது, ஒலி கேட்டு மேலே வந்த கீழ்வீட்டுச் சிறுவன் வாயிலில் நின்று, தானும் ஆடலாமா என்று இந்தியில் கேட்டான். அதைத் தமிழில் சொல்ல அக்கா வாயெடுத்தாள். அதற்குள் தாத்தா எதிரிலிருந்த நாற்காலியைக் கைகாட்டிவிட்டார்.

சொற்பொருள்

உணரி - ஒளி, ஒலி, வெப்பம் முதலியவற்றை அறிந்து குறிப்பு அனுப்பும் கருவி
நிரல் - கருவி செய்யவேண்டியவற்றை வரிசைப்படுத்திக் கூறும் கட்டளைத் தொகுப்பு
கற்றை - ஒரே திசையில் செல்லும் ஒளித்தொகுதி
பலகணி - சன்னல்
தண்டம் - தவற்றுக்குச் செலுத்தும் ஈடு
மிடுக்கு - பெருமிதம்

தெரிந்து தெளிவோம்

• பன்னாட்டுக் கேரம் கூட்டமைப்பு 1988ஆம் ஆண்டு சென்னையில் தொடங்கப்பட்டது.
• சென்னையைச் சேர்ந்த மரிய இருதயம் இருமுறை உலக வாகையர் பட்டம் வென்றவர். அர்ஜுனா விருது பெற்றவர்.
• சென்னையைச் சேர்ந்த காசிமா, 2024ஆம் ஆண்டு அமெரிக்காவில் நடைபெற்ற உலகக் கோப்பைப் போட்டியில் மூன்று தங்கப் பதக்கங்களை வென்றார்.
• ச, க, ப ஆகிய சுரங்களைப் பழந்தமிழர் முறையே குரல், கைக்கிளை, இளி என வழங்கினர்.

மதிப்பீடு

அ. சரியான விடையைத் தேர்ந்தெடுத்து எழுதுக.

1. வெள்ளைக் காயைத் தாத்தாவுக்குத் தெளிவாகக் காட்டியது ______.
(பலநிற ஒளி / காயின் நிழல் / கைதட்டல் ஒலி)

2. பலகணியை ஒட்டிய குழி பிற்பகலில் ஒலிக்காமைக்குக் காரணம் ______.
(மின்தடை / வெயிலில் உள்ள அகச்சிவப்பு ஒளி / நிரலில் இருந்த பிழை)

ஆ. ஓரிரு தொடர்களில் விடை எழுதுக.

1. சட்டத்தின் உட்புறத்தில் எதையும் ஒட்டவேண்டாம் எனத் தாத்தா கூறியது ஏன்?
2. ஒவ்வொரு குழிக்கும் இரு கற்றைகள் தேவைப்பட்டது ஏன்?
3. விழுந்தது ஸ்ட்ரைக்கர் என்பதைத் தாத்தா எவ்வாறு அறிந்தார்?

இ. விரிவான விடை எழுதுக.

முதலில் செய்த பலகையையும் பின்னர் செய்த பலகையையும் ஒப்பிட்டு எழுதுக. பிள்ளைகள் எவற்றை நீக்கினர்? ஏன் நீக்கினர்?

ஈ. மொழிப்பயிற்சி

1. பொருள் வேறுபாடு அறிந்து தொடரில் அமைத்து எழுதுக: ஒளி - ஒலி - ஒழி
2. இருபொருள் தருக: சட்டம், காய்
3. பிரித்து எழுதுக: அவ்வொளி, ஒவ்வொன்று, முதற்காய்

உ. சிந்தனை வினா

தம்பி முதல் முறை சிரித்தான். இரண்டாம் முறை அமைதியாக இருந்தான். இரண்டாம் முறை அவன் என்ன செய்திருக்கலாம்? உம் கருத்தை எழுதுக.

ஊ. செயல்திட்டம்

உம் வீட்டிலோ அண்டை வீட்டிலோ உள்ள முதியவர் ஒருவரிடம், பயன்படுத்தக் கடினமாக உள்ள பொருள் எது எனக் கேட்டு அறிக. அவர் கூறியதை அவர் சொற்களிலேயே ஐந்து தொடர்களில் எழுதுக. அதன்பின், அவருக்கு உதவும் கருவி ஒன்றின் படத்தை வரைக.