அட்சரேகை காட்டிய டப்பா

அட்சரேகை, தீர்க்கரேகை என்ற இரண்டையும் நாங்கள் ஆறாம் வகுப்பிலிருந்தே படித்து வருகிறோம். கிரீன்விச் எங்கே என்று கேட்டால் தூக்கத்திலும் சொல்வோம். ஆனால் அந்தக் கோடுகளைக் கொண்டு காட்டில் ஒளித்து வைத்த ஒரு டப்பாவைக் கண்டுபிடிக்கலாம் என்று எவரேனும் சொல்லியிருந்தால் சிரித்திருப்போம். அப்படித் தேடுவதையே பொழுதுபோக்காகக் கொண்டவர்கள் உலகின் பல நாடுகளில் இருக்கிறார்கள். அதற்கு ஜியோகேச்சிங் என்று பெயர். 'ஜியோ' என்றால் கிரேக்கத்தில் பூமி. 'கேஷ்' என்பது பிரெஞ்சிலிருந்து வந்த சொல். பொருளை மறைத்து வைக்கும் இடம் என்பது அதன் பொருள்.

இவ்விளையாட்டு பிறந்த இடம் அமெரிக்காவின் ஆரிகன் மாநிலம். ஜி.பி.எஸ். செயற்கைக் கோள்கள் அமெரிக்க இராணுவத்திற்குச் சொந்தமானவை. பொதுமக்களுக்குக் கிடைத்த சமிக்ஞையை அவர்கள் வேண்டுமென்றே பிழைபடுத்தி வைத்திருந்தார்கள். இதனால் சுமார் 100 மீட்டர் வரை இடம் தவறும். 2000-ஆம் ஆண்டு மே மாதத் தொடக்கத்தில் அதிபர் கிளிண்டன் ஆணையால் அந்தப் பிழை நீக்கப்பட்டது. உடனே, மே 3-ஆம் நாள், டேவ் உல்மர் என்பவர் பீவர்கிரீக் என்ற ஊருக்கு அருகே ஒரு வாளியைப் பாதி புதைத்து வைத்து, அது இருக்கும் இடத்தின் எண்களை இணையத்தில் வெளியிட்டார். வாளிக்குள் ஒரு குறிப்பேடும் சில சாமான்களும் இருந்தன. அவற்றுள் ஒன்று பீன்ஸ் டின்! சில நாட்களுக்குள் மைக் டீக் என்பவர் அதைக் கண்டுபிடித்தார். இப்போது அங்கே ஒரு நினைவுப் பலகை இருக்கிறது.

காரில் கூடாரத்தையும் அடுப்பையும் ஏற்றிக்கொண்டு, ஆரிகன் காடுகளில் முகாமிட்டுச் செல்லும் ஒரு கணவனும் மனைவியும் அப்பலகையைக் காண விரும்புவதாக வைத்துக்கொள்வோம். எண்கள் இவை: வடக்கு 45 டிகிரி 17.460 நிமிடம், மேற்கு 122 டிகிரி 24.800 நிமிடம். மனைவி வாசிக்கிறார், கணவர் கருவியில் பதிக்கிறார். 460 என்பதை அவர் 406 என்று பதித்துவிட்டால் என்ன ஆகும்?

இதை எங்கள் கணித நோட்டில் போட்டுப் பார்த்தோம். அட்சரேகையில் ஒரு நிமிடம் என்பது ஏறத்தாழ 1,852 மீட்டர். (இது கடிகார நிமிடம் அல்ல, ஒரு டிகிரியில் அறுபதில் ஒரு பங்கு.) வித்தியாசம் 0.054 நிமிடம். பெருக்கினால் 100 மீட்டர்! இராணுவம் வேண்டுமென்று வைத்திருந்த அதே பிழையை அந்தக் கணவர் கைதவறிச் செய்துவிட்டார். இருவரும் தெற்கே முட்புதரில் நின்றுகொண்டு, தவறாக வாசித்தது யார், தவறாகப் பதித்தது யார் என்று வாதாடுவார்கள் என்பதில் எங்களுக்கு ஐயமில்லை. தீர்க்கரேகையில் கணக்கு வேறு. துருவத்தை நோக்கிச் செல்லச் செல்லக் கோடுகள் நெருங்குவதால், 45 டிகிரியில் ஒரு நிமிடம் ஏறக்குறைய 1,310 மீட்டரே. இதில் எங்கள் மூவருக்கும் ஒரே விடை வரவில்லை. கொசைன் எடுக்க மறந்தவர் யார் என்று இங்கே எழுத மாட்டோம்.

எண்கள் சரியாக இருந்தாலும் கருவி நம்மைப் பெட்டியின் மேல் கொண்டுபோய் நிறுத்திவிடாது. கோள்கள் சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகின்றன. அங்கிருந்து வரும் சமிக்ஞையின் பயண நேரத்தை வைத்துத் தூரம் கணிக்கப்படுகிறது. நேரத்தில் ஒரு விநாடியின் பத்து லட்சத்தில் ஒரு பங்கு தவறினால் 300 மீட்டர் தவறிவிடும். அதனால்தான் நான்கு கோள்களாவது தேவைப்படுகின்றன. அடர்ந்த மரங்களின் கீழ் அப்போதும் சில மீட்டர் பிசகும். அந்தக் கடைசிச் சில மீட்டரை அத்தம்பதியர் கண்ணால்தான் தேட வேண்டும். பட்ட மரத்தின் பொந்து, யாரோ அடுக்கியதுபோல் தோன்றும் கற்கள், வேருக்கடியில் சேர்ந்த சருகு இவற்றையெல்லாம் கிளறிப் பார்க்க வேண்டும். வழிப்போக்கர் வந்தால் ஒன்றும் அறியாதவர்போல் நிற்க வேண்டும். பார்த்துவிட்டால் பெட்டி நாளை அங்கே இராது.

பெட்டிக்குப் பூட்டு கிடையாது, காவலும் இல்லை. பெரும்பாலும் பழைய தோட்டாப் பெட்டியோ பிளாஸ்டிக் டப்பாவோதான். உள்ளே ஒரு குறிப்பேடும் சிறு பொம்மை, நாணயம் போன்ற சில்லறைப் பொருள்களும் இருக்கும். ஒன்றை எடுப்பவர் அதற்கு ஈடான அல்லது அதைவிட மேலான ஒன்றை வைக்க வேண்டும். வைக்காமல் போனாலும் கேட்பார் இல்லை. உணவுப் பொருள் மட்டும் கூடாது. வாசனைக்கு விலங்குகள் பெட்டியை உடைத்துவிடும். முதல் வாளியில் இருந்த பீன்ஸ் டின் இன்றைய விதிப்படி குற்றம்! அனுமதியின்றி மண்ணைத் தோண்டிப் புதைப்பதும் இப்போது தடை. தேசியப் பூங்காக்களில் அனுமதியின்றிப் பெட்டியே வைக்க முடியாது. அத்தகைய இடங்களுக்கு ஏற்றதாக 2004 முதல் 'எர்த்கேஷ்' என்றொரு வகை உண்டு. அதில் பெட்டி இல்லை. அங்குள்ள பாறையையோ எரியையோ உற்றுப் பார்த்துக் கேள்விகளுக்கு விடை எழுத வேண்டும். எங்களுக்கு இதுதான் மிகவும் பிடித்தது. தேர்வுக்குப் படிக்காமல் பார்த்து எழுதலாம் அல்லவா?

நம் தம்பதியர் அன்று மாலை முகாமுக்குத் திரும்பும் வழியில் வேறொரு பெட்டியைக் கண்டெடுத்தார்கள் என்றே வைத்துக்கொள்வோம். கணவருக்கு அதிலிருந்த சிறு திசைகாட்டி பிடித்துவிட்டது. ஈடாக வைக்கக் கையில் ஒன்றுமில்லை. இரண்டு கிலோமீட்டர் நடந்து காருக்குப் போய் ஏதேனும் எடுத்து வர வேண்டும். வெளிச்சமோ குறைந்து வருகிறது. மனைவி ஒன்றும் சொல்லாமல் குறிப்பேட்டில் இருவர் பெயரையும் தேதியையும் எழுதுகிறார். கணவர் திசைகாட்டியை இன்னொரு முறை திருப்பிப் பார்த்துவிட்டு, இருந்த இடத்திலேயே வைத்து, மூடியை அழுத்தி, சருகால் மூடுகிறார்.